நேரலை முடிந்த பிறகு: எட்டாம் வகுப்புக்கு ஒரு வரலாற்றுச் செயல்பாடு

"முதல் டி.வி. நிகழ்ச்சியை யூடியூபில் காட்டுங்க சார்" என்றாள் தட்டாஞ்சாவடி வகுப்பில் ஒரு மாணவி. காட்ட வழியில்லை. லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசி 1936 நவம்பர் 2இல் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. பாட்டு, நடனம், நகைச்சுவை எல்லாம் நேரலை. வீடியோ நாடா அன்று கிடையாது. போர் நெருங்கியதால் 1939 செப்டம்பர் 1இல் நிறுத்தினார்கள். அந்த மூன்றாண்டு நேரலையில் எஞ்சியிருப்பது, 1938இல் நியூயார்க் அருகே தற்செயலாக எட்டிய அலைகளைத் திரையிலிருந்து படமெடுத்த, ஒலியில்லாத சில நிமிடத் துண்டுதான்.

நம் பக்கத்து வானொலிக்கும் இதே கதி. சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பியது; தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைப்பாடமும் கதையும் தந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. இன்று இவற்றைத் தேடுபவருக்குப் பெரும்பாலும் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலே கிடைக்கும். நிரல் சொல்வது திட்டத்தை, நடந்ததை அல்ல.

இதை மாணவர்கள் செய்து பார்க்கட்டும். ஐந்து நிமிடக் கலைநிகழ்ச்சி, கைபேசிப் பதிவு கூடாது. நால்வர் வெளியே இருக்கவேண்டும். மறுநாள் அவர்கள் நிரலை மட்டும் வைத்து எழுத, பார்த்தவர்கள் தனியே எழுதுவார்கள். எங்கள் நிரலில் "பாடல்: இருவர்" என்றிருந்தது. ஒருத்திக்குத் தொண்டை கட்டியதால் ஒருத்தியே பாடினாள். வெளியே இருந்தவர்களோ "இருவரும் இனிமையாகப் பாடினர்" என்று எழுதிவிட்டார்கள்! பார்த்தவர்களுக்குள்ளும் கும்மி முதலா, பாடல் முதலா என்று தகராறு.

இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'நிரல்', 'சாட்சி', 'ஊகம்' என்று மாணவர்களே குறிக்கட்டும். 'இனிமையாக' எதில் சேரும் என்பதற்கே எங்களுக்குப் பத்து நிமிடம் ஆனது.