ஒரு டன்னா, அரை டன்னா?

கேள்வி: நிலக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஒன்றரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறோம். சித்திரை, வைகாசியில் பூ கொட்டுகிறபோது விலை பறிப்புக் கூலிக்கே கட்டுவதில்லை. என் கணவர் சென்ட் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தவர். பூ விவசாயம் பார்க்கும் உறவுக்காரர்கள் நான்கு பேருடன் சேர்ந்து, மல்லிகை கான்கிரீட் (பூவைக் கரைப்பானில் அலசிப் பிரித்தெடுக்கும் மெழுகு போன்ற வாசனைப் பொருள்) எடுக்கும் ஆலையைச் சொந்தமாகப் போடலாம் என்று இருக்கிறோம்.

மெஷின்காரர் இரண்டு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். நாளுக்கு 1,000 கிலோ பூ ஓட்டும் ஆலை 1 கோடியே 20 லட்சம் ரூபாய். 500 கிலோ ஆலை 75 லட்சம். வட்டி, தேய்மானம், நிரந்தர ஆள் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வருடச் செலவு பெரியதற்கு 36 லட்சம், சின்னதற்கு 21 லட்சம் ஆகிறது. கான்கிரீட்டைக் கிலோ 1,25,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக ஒரு வியாபாரி சொல்லியிருக்கிறார். பூ சராசரியாக 110 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று நினைக்கிறோம். எரிபொருள், கரைப்பான் இழப்பு, தினக்கூலி எல்லாம் கிலோ பூவுக்கு 30 ரூபாய். "பெரியது 60 நாளில் வருடச் செலவை எடுத்துவிடும், சின்னதற்கு 70 நாள் ஆகும். பெரியதையே போடுங்கள்" என்கிறார் மெஷின்காரர். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. எதைப் போடுவது?

— வாசகி, நிலக்கோட்டை வட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மெஷின்காரரின் வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அவர் தொட்டி நிறைந்த நாட்களை மட்டும் எண்ணியிருக்கிறார். அப்படி நிறைகிற நாள் வருடத்தில் எத்தனை என்பதை எண்ணவில்லை. உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் அதுதான். நீங்கள் எழுதிய தொகைகளையே வைத்துப் பார்ப்போம்.

ஒரு கிலோ பூவில் எவ்வளவு நிற்கிறது?

மல்லிகையில் கான்கிரீட் மிகக் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், பொதுவாக 0.14 முதல் 0.19 சதவீதம். 0.16 என்று வைத்தால் ஒரு கிலோ கான்கிரீட்டுக்கு 625 கிலோ பூ வேண்டும். 1,25,000 ரூபாயை 625-ஆல் வகுத்தால், ஒரு கிலோ பூ உங்களுக்கு 200 ரூபாய் வரவு தருகிறது. அதில் ஓட்டும் செலவு 30 போக மீதி 170.

இந்த 170-ஐ ஆலைச் சுவரில் எழுதி வையுங்கள். பூ விலை அதற்கு மேலே போனால் ஓட்டுகிற ஒவ்வொரு கிலோவிலும் நஷ்டம். அன்று ஆலையை நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே எந்த விலையில் கிடைத்தாலும் ஓட்டலாம். கையில் நிற்பது ஐந்து ரூபாயானாலும் அது வருடச் செலவில் ஒரு பங்கை அடைக்கும். சராசரி 110 ரூபாய்க்கு வாங்கினால் கிலோவுக்கு 60 ரூபாய் நிற்கும். அந்த 60-ஆல் வருடச் செலவை வகுத்தால் வருவதுதான் சமநிலைப் புள்ளி, லாபமும் நஷ்டமும் இல்லாத அளவு. பெரிய ஆலைக்கு 60,000 கிலோ. சின்ன ஆலைக்கு 35,000 கிலோ. மெஷின்காரரின் 60 நாளும் 70 நாளும் இங்கிருந்துதான் வந்தன.

அந்த நாட்கள் எங்கே இருக்கின்றன?

மல்லிகை பங்குனி தொடங்கி ஆனி வரை நன்றாகப் பூக்கும். பனிக்காலத்தில் வரத்து சுருங்கும். தைப்பொங்கலுக்கும் முகூர்த்த நாட்களுக்கும் மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். தலையில் வைக்கவும் மாலை கட்டவும் வாங்குகிறவர் கொடுக்கிற அந்த விலையை எந்தச் சென்ட் கம்பெனியாலும் கொடுக்க முடியாது. ஆகவே உங்கள் ஆலை ஓடும் நாட்களைத் தீர்மானிப்பது மெஷின் அல்ல, கமிஷன் கடையில் அன்றன்று முறிகிற விலை.

ஓர் உதாரணம் போடுகிறேன். வருடத்தில் 170-க்குக் கீழே விலை இருக்கும் நாட்கள் 90 என்று வைப்போம். அதில் 30 நாள் வரத்து அதிகம். உங்களால் 1,000 கிலோ திரட்ட முடியும். மீதி 60 நாளில் உங்கள் ஐந்து குடும்பங்களின் தோட்டமும் அக்கம்பக்கமும் சேர்ந்து 400 கிலோதான் வரும்.

பெரிய ஆலை 30 நாளில் 30,000 கிலோவும் 60 நாளில் 24,000 கிலோவும் ஓட்டும். மொத்தம் 54,000 கிலோ. தேவை 60,000. வருட முடிவில் 3 லட்சத்து 60 ஆயிரம் நஷ்டம்.

சின்ன ஆலை 15,000 கிலோவும் 24,000 கிலோவுமாக 39,000 கிலோ ஓட்டும். தேவை 35,000. லாபம் 2 லட்சத்து 40 ஆயிரம்.

அதே பூ, அதே விலைதான். உச்ச வரத்தின் 30 நாளுக்காகப் போட்ட கூடுதல் கொள்ளளவுக்கு வருடம் முழுவதும் 15 லட்சம் கூடுதலாகக் கட்டவேண்டியிருக்கிறது. அந்த 30 நாளில் 500 கிலோ பூவை விட்டுவிடுவது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் விட்ட பூவால் வருகிற இழப்பைவிடக் காலித் தொட்டியால் வருகிற இழப்பு பெரிது.

இரவில் எத்தனை கிலோ?

இன்னொன்றையும் மெஷின்காரரிடம் கேளுங்கள். மொட்டை விடியலில் பறிக்கிறோம். அது அந்தியில்தான் விரிகிறது. மணம் ஏறி நிற்பது இரவில். விரிந்த பூவை வாடும் முன் ஹெக்சேன் கரைப்பானில் நனைத்தாக வேண்டும். ஆகவே "நாளுக்கு 500 கிலோ" என்பது 24 மணி நேரம் ஓட்டிச் சொன்ன கணக்கானால் உங்களுக்குப் பயன்படாது. ஒரு தடவைக்கு எத்தனை கிலோ? பூ அடுக்குவது, கரைப்பானில் அலசுவது, சக்கையில் தங்கிய ஹெக்சேனை நீராவியால் மீட்பது எல்லாம் சேர்த்து எத்தனை மணி நேரம்? விடிவதற்குள் எத்தனை தடவை முடியும்? அந்த எண்ணிக்கைதான் உங்கள் உண்மையான கொள்ளளவு. தொட்டி பெரிதாக இருந்தும் கரைப்பானை வடித்தெடுக்கும் பகுதி சிறிதாக இருந்தால், மொத்த ஆலையும் அந்தச் சிறிய பகுதியின் வேகத்தில்தான் நகரும். ஆகவே ஒவ்வொரு பகுதியின் அளவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

விலை பத்து சதவீதம் இறங்கினால்?

நம் கான்கிரீட்டை வாங்குவது வெளிநாட்டு வாசனைத் திரவியத் தொழில். ஜாதிமல்லி கான்கிரீட்டில் எகிப்து நமக்குப் பெரிய போட்டி; மல்லிகைக்கும் உலகச் சந்தையே விலை சொல்கிறது. கான்கிரீட் விலை பத்து சதவீதம் இறங்கினால் கிலோ பூவின் வரவு 200-லிருந்து 180 ஆகும். கையில் நிற்பது 60-லிருந்து 40 ஆகும். அப்போது சின்ன ஆலைக்கே 52,500 கிலோ வேண்டும், பெரியதற்கு 90,000. பத்து சதவீத விலைச் சரிவு சமநிலைப் புள்ளியை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது. பூ விலை 20 ரூபாய் ஏறினாலும் இதே கதிதான். ஆகவே 39,000 கிலோ ஓட்டி 2 லட்சத்து 40 ஆயிரம் பார்க்கிற சின்ன ஆலையும் பத்திரமானதல்ல.

இதைச் சரிசெய்ய வழி, ஆலை ஓடும் நாட்களைக் கூட்டுவது. ஜாதிமல்லி முக்கியமாக ஆடியிலிருந்து ஐப்பசி வரை வரும். அதில் கான்கிரீட் சுமார் 0.3 சதவீதம், மல்லிகையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சம்பங்கியில் கிடைப்பது குறைவு என்றாலும் வருடம் முழுக்கப் பூக்கும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் 'சுவர் விலை'யைத் தனியாகப் போடுங்கள். அதே தொட்டி, அதே ஆள், அதே வட்டி; கூடுதலாக ஓட்டுகிற ஒவ்வொரு கிலோவும் வருடச் செலவைப் பகிர்ந்துகொள்ளும்.

கடன் வாங்கும் முன் ஒரு பருவம்

இப்போது என் யோசனை. இந்தப் பருவம் ஆலை போட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆலையில் கூலிக்கு எடுத்துத் தருவார்களா என்று கேளுங்கள். கிலோ பூவுக்கு 80 ரூபாய் கூலி என்று வைத்தால், 110 ரூபாய்ப் பூவில் உங்களுக்கு 10 ரூபாய் நிற்கும். உச்ச வரத்தில் அவர்கள் தொட்டியே நிறைந்திருக்கும், உங்களுக்கு இடம் கிடைக்காது. அந்த 60 மெலிந்த நாட்களில் கிடைக்கும். 24,000 கிலோவுக்கு 10 ரூபாய் வீதம் 2 லட்சத்து 40 ஆயிரம். 75 லட்சம் போட்டு வரும் அதே தொகை, ஆலை போடாமலே கையில் வருகிறது. அதோடு உங்கள் பூவில் உண்மையில் எத்தனை சதவீதம் கான்கிரீட் இறங்குகிறது, வியாபாரி சொன்ன விலையைக் கொடுக்கிறாரா, எத்தனை நாளில் கொடுக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

பணம் எத்தனை நாளில் வருகிறது என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சின்ன ஆலையில் உச்ச மாதம் ஒன்றில் 15,000 கிலோ பூவுக்கும் ஓட்டும் செலவுக்குமாக 21 லட்சம் வெளியே போகும். பூக்காரருக்கு உடனே கொடுக்க வேண்டும். கான்கிரீட் பணம் பிறகுதான் வரும். லாபக் கணக்கு சரியாக இருந்தும் கைப்பணம் இல்லாமல் ஆலை நிற்கலாம். நடைமுறை மூலதனக் கடனையும் திட்ட அறிக்கையிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

மானியத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மூலதன மானியம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். பெரிய ஆலைக்குப் பெரிய மானியம் என்பதற்காக மட்டும் பெரியதைப் போடாதீர்கள். மானியம் வட்டியையும் தேய்மானத்தையும் குறைக்கும், பூவைக் கொண்டுவராது. ஹெக்சேன் சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். அதைச் சேமிக்க வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, தீயணைப்புத் துறையின் சான்று ஆகியவற்றின் செலவையும் 21 லட்சத்துக்குள் சேர்த்தீர்களா என்று பாருங்கள். உங்கள் கணவரின் சம்பளத்தையும் சேருங்கள். வீட்டு ஆள் என்று விட்டுவிட்டால் வருகிற லாபம் பொய் லாபம்.

இந்த ஒரு பருவமும் தினம் மூன்று எண்களை நோட்டில் எழுதுங்கள்: மார்க்கெட் விலை, உங்களால் திரட்ட முடிந்த பூ, கிடைத்த கான்கிரீட். எல்லாப் பூவையும் சேர்த்து, கிலோவுக்கு 60 ரூபாய் நிற்கும்படி வருடம் 52,500 கிலோவுக்கு மேல் ஓட்ட முடியும் என்று நோட்டு காட்டினால் 500 கிலோ ஆலையைத் தைரியமாகப் போடுங்கள். அஸ்திவாரத்தையும் நீராவிக் குழாயையும் மட்டும் இரண்டு தொட்டிக்கு ஏற்றபடி அமையுங்கள். இரண்டாவது தொட்டி பிறகு வரட்டும். 39,000-ஐ ஒட்டியே நின்றால் இன்னொரு வருடம் கூலிக்கே ஓட்டுங்கள். பூ கொட்டுகிற நாளில் விவசாயிக்கு நியாய விலை கொடுக்கும் ஆலை ஒன்று அந்த மண்ணிலிருந்தே எழ வேண்டும் என்பது என் விருப்பமும்தான். அது ஐந்து குடும்பங்களின் நிலத்தை அடமானத்தில் சிக்கவைக்காமல் எழ வேண்டும்.