பதினெட்டு முடிந்த மகனுக்கு யார் கையெழுத்து?

கேள்வி: என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. சிறு வயதில் வாங்கிய அடையாள அட்டையில் 70 சதவீதம் என்று இருக்கிறது. அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. சென்ற ஆண்டு அவனுக்கு 18 வயது முடிந்தது. ஐந்து மாதமாகப் பணம் எடுக்க முடியவில்லை. வங்கியில், 'பையன் மேஜர், இனி உங்க கையெழுத்து செல்லாது, கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க' என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், சிவில் கோர்ட்டில் மனுப் போட 25,000 ரூபாய் கேட்கிறார். கணவர் எங்களை விட்டுப் போய்ப் பத்து வருடம், விவாகரத்து ஆகவில்லை. நான் தையல் வேலை செய்கிறேன். மகன் தன் பெயரை எழுதுவான். நூறு ரூபாய்க்கும் ஐநூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாது. என்ன செய்வது? எனக்குப் பிறகு என் மூத்த மகள் அவனைப் பார்த்துக்கொள்ள இப்போதே உயில் எழுதி வைக்க வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அந்த 25,000 ரூபாயை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. உங்களுக்குத் தேவையான தாள் சிவில் கோர்ட்டில் இல்லை, கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்குங்கள். 'பணம் எடுக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் வரவில்லையா, வந்து முடங்கிக் கிடக்கிறதா என்பது அதில்தான் தெரியும். மாதாமாதம் வரவு இருந்தால் கவலை வேண்டாம். அது உங்கள் மகனின் பணம், பத்திரமாக இருக்கும். வரவே இல்லை என்றால் சிக்கல் வங்கியில் இல்லை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். இரண்டு காரணங்களை அங்கே விசாரியுங்கள். ஒன்று, ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்று விட்டுப்போயிருக்கலாம். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: அறிவுசார் குறைபாட்டுக்குச் சிறு வயதில் தரும் மருத்துவச் சான்று நிரந்தரமானதல்ல. 18 வயதில் மறுபடி மதிப்பீடு செய்து வாங்கினால்தான் அது ஆயுளுக்கும் செல்லும். உங்கள் பழைய சான்றில் 'தற்காலிகம்' என்று ஒரு மூலையில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அரசு மருத்துவமனையில் மறுமதிப்பீடு செய்து புதுப்பித்துவிடுங்கள். புதிய சதவீதம் குறைந்துபோய், அது தவறு என்று பட்டால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 59இன்படி மேல்முறையீடு செய்யலாம்.

இனி கையெழுத்து விவகாரம். வங்கி சொன்னதில் பாதி சரி. மைனர் பிள்ளைக்குத் தாய் இயல்பான பாதுகாவலர். 18 முடிந்த அன்றே சட்டத்தின் கண்ணில் அந்த உறவு முடிகிறது. மகனால் எழுந்து தண்ணீர் குடிக்க முடியாவிட்டாலும் அவர் மேஜர்தான். ஆனால் 'கோர்ட் ஆர்டர்' என்ற மீதிப் பாதி தவறு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. மாவட்டந்தோறும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று உண்டு: கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி. பிரிவு 14இன்படி பாதுகாவலரை நியமிப்பது இந்தக் குழுதான். 'உள்ளூர் அளவிலான குழு எங்கே?' என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் கேட்டால் பலருக்கும் புரியாது. 'நேஷனல் டிரஸ்ட் கார்டியன் சர்டிபிகேட்' என்று கேளுங்கள், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கைகாட்டுவார்கள்.

பெற்றோர் இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும் என்பது பொது விதி. கணவர் வராவிட்டால் என்ன செய்வது என்று தவிக்க வேண்டாம். ஒருவர் இறந்தாலும், பிரிந்தாலும், கைவிட்டுப் போனாலும் மற்றவர் தனியாக மனுச் செய்யலாம். விவாகரத்துத் தீர்ப்பு இல்லாத குறையை, வருவாய்த் துறை தரும் 'கணவரால் கைவிடப்பட்டவர்' சான்று ஓரளவு ஈடுகட்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மனுவோடு மகனின் மருத்துவச் சான்று, இருவரின் ஆதார் நகல்கள், ரேஷன் கார்டு நகல் வையுங்கள்.

குழு தரும் பாதுகாவலர் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. பெற்றோருக்குக் கிளைகள் வழிகாட்ட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மேலாளர் பிறகும் மறுத்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் புகாரை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

உதவித்தொகையே நின்றிருந்தால், நிலுவை கேட்டுத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அதுவும் பலிக்காவிட்டால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை மாவட்ட நல அலுவலகம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். வக்கீல் தேவைப்பட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிக்கும் பெண்ணுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.

அவசரத்தில் யாராவது, 'பையன் பெயர் எழுதுவான்ல, படிவத்தில் அவனையே போடச் சொல்லி நீங்க எடுத்துக்கோங்க' என்று யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். புரியாமல் கையெழுத்திடப் பழகிய பிள்ளையிடம் நாளை யாரும் எதிலும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதே சமயம், குறைபாடு இருக்கும் எல்லோருக்கும் பாதுகாவலர் தேவை என்று நினைக்கிற வங்கிகளோடும் எனக்கு உடன்பாடில்லை. தன் பணத்தைத் தானே ஆளும் உரிமையை 2016 சட்டத்தின் பிரிவு 13 தருகிறது. பணம் அடையாளம் தெரியாத உங்கள் மகன் விஷயத்தில்தான் பாதுகாவலர் வேண்டும் என்கிறேன். பாதுகாவலர் தேவையா, எதற்காகத் தேவை என்பதைக் குழுவும் ஆராயும். அதனால் கூட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள்.

நியமனம் கிடைத்தபின் கணக்குக் கொடுக்கும் கடமை உங்களுக்கு உண்டு: ஆறு மாதத்துக்குள் அவர் பெயரில் உள்ள சொத்துப் பட்டியல், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவு. மருந்து, துணி, பஸ் கட்டணம் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள்.

மகள் பற்றி: உயிலில் மகளைப் பாதுகாவலராக எழுதுவது மேஜர் பிள்ளைக்குப் பொருந்தாது. வீடு, நகையை யாருக்கு விடுவது என்பதற்குத்தான் உயில். உங்களுக்குப் பிறகு அவர் உறவினர் என்ற முறையில் இதே குழுவில் தானே மனுச் செய்ய வேண்டும். இப்போது நீங்கள் அலையும்போது ஒரு நாளாவது லீவு போட்டு உடன் வரச் சொல்லுங்கள். எந்த மேஜை, எந்தப் படிவம், நோட்டில் என்ன எழுதுவது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.