செல்போன் அலையும் உயிரணுவும்

ஆரணிப் பக்கம் உழவர் கூட்டம் எங்கே நடந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "நிலத்துல டவர் வைக்க இடம் கேக்கறாங்க, வாடகையும் நல்லா தர்றாங்க. கொடுக்கலாமா? உடம்பு கெடும்னு ஆராய்ச்சியே இருக்காமே?"

ஆராய்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் என்ன செய்தார்கள் என்று பார்க்கணும். ஐரோப்பாவில் 2000 முதல் 2004 வரை 'ரிஃப்ளெக்ஸ்' என்ற பெயரில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து வேலை செய்தன. மனிதத் தோலின் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, செல்போன் அலையை 5 நிமிடம் கொடுத்து, 10 நிமிடம் நிறுத்தி, மறுபடி கொடுத்தார்கள். இப்படி 16 மணி நேரம் போனபோது டி.என்.ஏ. இழைகள் அறுந்திருந்தன என்று வியன்னா ஆய்வகம் சொன்னது. நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியும்படி சொன்னால், பாவு இழை அறுகிற மாதிரி. அறுந்த இழையை நெசவாளர் முடிச்சுப் போட்டு ஓட்டுவார் இல்லையா, உயிரணுவும் தன் இழையைத் தானே சரிசெய்யும். அதனால் அறுந்தது என்றாலே நோய் என்று ஆகிவிடாது.

பிறகு 2007-ல் ஜெர்மனியில் இன்னொரு குழு அதே வகை உயிரணு, அதே வகைக் கருவி வைத்துச் செய்து பார்த்தது. இழை அறுபடவில்லை. 2008-ல் வியன்னா தரவுகள் மேலேயே சந்தேகம் கிளம்பிப் பெரிய சர்ச்சையானது.

ஏன் இந்த வேறுபாடு? பஞ்சகவ்யா தெளித்துப் பார்க்கிறவர் பக்கத்துப் பாத்திக்கு வெறும் தண்ணீர் தெளிக்கணும். எது எந்தப் பாத்தி என்று தெரியாத ஆள் கதிரை எண்ணணும். இதிலும் அப்படித்தான். இன்னொரு தட்டு அதே பெட்டியில், அதே 37 டிகிரி சூட்டில், அலை மட்டும் இல்லாமல் இருக்கணும். அலை சூடாக்கும். சூடு அரை டிகிரி ஏறினால்கூட, பார்ப்பது அலையின் வேலையா, சூட்டின் வேலையா என்பது குழம்பிப்போகும்.

தேனீ விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தார் பேசும் நிலையில் இருந்த செல்போன்களைக் கூட்டுக்குள்ளேயே வைத்தார்கள். ராணி முட்டையிடுவது குறைந்தது என்றார்கள். ஆனால் சோதித்தது நாலே கூடு. கூட்டுக்குள் போன் இருப்பதும் வயலோரம் டவர் நிற்பதும் ஒன்றல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் இந்த அலையை '2பி', அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் வைத்தது. உறுதியான சான்று என்று அதற்குப் பொருள் இல்லை. தள்ளிவிடவும் முடியவில்லை என்று பொருள். நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் டவர் அலையின் வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட். போனுக்கு வரம்பு, ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட்.

என் கணக்கில் டவரைவிடக் காதோடு ஒட்டிய போன்தான் உடம்புக்குள் அதிகம் அலை விடுகிறது. சிக்னல் குறைஞ்ச இடத்தில் அது இன்னும் கூடும். போனில் *#07# அழுத்தினால் உங்கள் போனின் அளவு தெரியும். இடம் கொடுப்பதற்கு முன், ஆன்டெனா எந்த உயரம், எந்த வீட்டுப் பக்கம் பார்க்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். டவர் வரம்புக்குள் இருக்கிறதா என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் பார்க்கலாம். கட்டணம் கட்டினால் நேரில் வந்தும் அளப்பார்கள்.