வேனில் போய்ப் பார்த்த வெளிமான்



விலங்கியல் பாடத்தில் படத்தில் மட்டும் பார்த்த வெளிமானை நேரில் பார்க்க வேண்டுமா? நாகப்பட்டினம் மாவட்டம் கோடியக்கரைக்குப் போக வேண்டும். 1967-இல் இது சரணாலயம் ஆனது. என் சித்தப்பா வேன் ஓட்டுறாங்க. சவாரி இல்லாத ஒரு நாளில் புளிச்சோறு, பாய், தண்ணீர்க் குடம் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம்.

வேதாரண்யம் தாண்டியதும் ரோட்டோரம் வெள்ளை வெள்ளையாக உப்பளம். 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளியது இந்தப் பக்கம்தான். (பரீட்சைக்கு வரும்!)

காட்டுக்குள் வண்டியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு புல்வெளியில் ஆண்மான் ஒன்று வந்தது. மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, திருகு போட்டது போலக் கொம்பு. அதனால் திருகுமான் என்றும் பெயர். பெண்மான் வெளிர் பழுப்பு நிறம், பெரும்பாலும் கொம்பு இருக்காது. பேரே வெளிமான், வெட்டவெளியில் வாழ்வது. தூரத்தில் நரி வந்தால் பார்த்துவிட்டு ஓடிவிடும், ஓட்டமும் குதிப்பும்தான் அதுக்கு ஆயுதம். புதர் மூடிவிட்டால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அங்கே சீமைக்கருவேலம் பரவுவது அதனால்தான் பெரிய தொல்லை.

இன்னொன்று, குதிரை! ஆமாம், காட்டில் மட்டக்குதிரைகள் திரிகின்றன. ஒரு காலத்தில் மனிதர் வளர்த்தவற்றின் வம்சம். குட்டியோடு பார்க்க அவ்வளவு அழகு. என் தம்பி "குதிரைதான் பெஸ்ட்"னு கத்தினான். ஆனால் மான் மேயும் அதே புல்லைத்தான் குதிரையும் மேயுது. குதிரை வேறு ஊரிலும் பிழைக்கும். வெளிமான் நம் மாநிலத்தில் இங்கே, கிண்டி, வல்லநாடு, சத்தியமங்கலம் என்று ஒருசில இடத்தில்தான் இருக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் புகுந்தது. மரங்கள் சாய்ந்தன, மான்களும் செத்தன. அதனால் என் ஓட்டு மானுக்குத்தான்.

மத்தியானம் சாப்பிட்டு, வேனிலேயே ஒரு தூக்கம்.

சாயங்காலம் உப்புத் தண்ணீரில் பூநாரைகள். சுமார் 4 அடி உயரம், குச்சி மாதிரி கால். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, டீ வடிகட்டி போல வடித்துச் சாப்பிடுகிறது. குஞ்சு சாம்பல் நிறம்தான். பாசியும் சின்ன இறாலும் தின்னத் தின்ன, அதிலுள்ள கரோட்டினாய்டு என்ற நிறமி இறகில் சேர்ந்து ரோஸ் நிறம் வருகிறது. கேரட்டிலும் இதே வகை நிறமிதான். ரோஸ் கலர் சாப்பாட்டில் இருந்து வருதுன்னு சொன்னா சித்தி நம்பவே இல்லை.

போகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், வெளிநாட்டுப் பறவைகள் வரும் காலம். பைனாகுலர் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மூட்டையை மட்டும் வண்டிக்கு வெளியே வைக்காதீர்கள், குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி