உவர்நீரும் உரமும்: பழமரக் கன்றுகளின் வளர்ச்சி

இந்தியாவில் உப்பினாற் பாதிக்கப்பட்ட நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 67.3 லட்சம் ஹெக்டேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இதில் 29.6 லட்சம் ஹெக்டேர் உவர் நிலம், எஞ்சிய 37.7 லட்சம் ஹெக்டேர் களர் நிலம். இராஜஸ்தானம், ஹரியானா, பஞ்சாபின் தென்மேற்குப் பகுதி, குஜராத் ஆகிய இடங்களிற் பல கிணறுகளின் நீரே உவர்ப்புடையது. இப்பகுதிகளில் இலந்தை, மாதுளை, பேரீச்சை, கின்னோ ஆரஞ்சு முதலிய பழமரங்கள் பயிரிடப்படுகின்றன. வளர்ந்த மரம் ஓரளவு தாங்கிக்கொள்ளும் நீரை நாற்றங்காலிலுள்ள இளங்கன்று தாங்குவதில்லை. அக்கன்றுக்கு உரமும் இடும்பொழுது நேரும் விளைவுகளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

உப்பு கன்றைத் தாக்கும் வழிகள்

முதலாவது வழி, நீர் கிடைக்காமை. மண்நீரில் உப்பு மிகுந்தால் அதன் ஊடுபரவல் அழுத்தம் உயர்கிறது. மண் ஈரமாக இருப்பினும் வேரால் அந்நீரை எளிதில் உறிஞ்ச இயலாது. நீர் நடுவே நின்றும் கன்று வாடுகிறது. இரண்டாவது வழி, நச்சுத்தன்மை. குளோரைடும் சோடியமும் இலைகளிற் சேர்ந்து, முதிர்ந்த இலைகளின் நுனியையும் ஓரத்தையும் கருக்குகின்றன. மூன்றாவது வழி, ஊட்டச்சத்தின் சமநிலை கெடுதல். சோடியம் மிகுந்த இடத்திற் பொட்டாசியமும் கால்சியமும் வேரினுட் செல்வது குறைகிறது. குளோரைடு மிகுந்த இடத்தில் நைட்ரேட்டு உட்செல்வது தடைப்படுகிறது.

நீரை அளத்தல்

நீரிலுள்ள உப்பின் அளவை அதன் மின்கடத்து திறனால் அறிகிறோம். இதன் அலகு மீட்டருக்கு டெசிசீமன்ஸ் ஆகும். பழைய நூல்களிற் காணப்படும் சென்டிமீட்டருக்கு மில்லிமோ என்பதும் இதே அளவே. 1 டெசிசீமன்ஸ் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் கரைந்த உப்பைக் குறிக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2 டெசிசீமன்ஸ் உடைய நீரில் லிட்டருக்கு 1.28 கிராம் உப்பு உண்டு. பாலிதீன் பையிலுள்ள கன்றுக்கு நாள்தோறும் கால் லிட்டர் ஊற்றினால், 0.32 கிராம் உப்பு பையினுட் புகும். பையின் அடித்துளைகள் அடைபட்டு நீர் வடியாதிருப்பின், 30 நாட்களிற் சேரும் உப்பு 9.6 கிராம். பையின் மண் அரை லிட்டர் நீரைத் தாங்குவதாகக் கொள்வோம். அப்பொழுது மண்நீரின் உப்பு லிட்டருக்குச் சுமார் 19 கிராம் ஆகும். கடல்நீரில் உள்ள உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். ஊற்றிய நீர் சுவைக்குச் சிறிதே உப்பாயினும், ஒரு திங்களிற் கன்றின் வேர் பாதிக் கடல்நீரில் நிற்கிறது. வடிகால் இன்மையே இக்கேட்டின் மூலம்.

உரமும் ஓர் உப்பே

இரசாயன உரங்கள் பெரும்பாலும் நீரிற் கரையும் உப்புகளே. சோடியம் நைட்ரேட்டை 100 எனக் கொண்டு ஏனைய உரங்களின் உப்புக் குறியீட்டைக் கணக்கிட்டுள்ளனர். அதன்படி மியூரியேட் ஆப் பொட்டாஷ் சுமார் 116, அம்மோனியம் நைட்ரேட் 105, யூரியா 75, அம்மோனியம் சல்பேட் 69, சல்பேட் ஆப் பொட்டாஷ் 46, சூப்பர் பாஸ்பேட் 8. சாம்பற்சத்தைத் தரும் இருவகை உரங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கவனிக்க. மேலும், மியூரியேட்டிற் குளோரைடும் கலந்துள்ளது.

இங்கு களப்பணியாளர் விழிப்பாக இருத்தல் வேண்டும். பொட்டாசியக் குறைவினாலும் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும். குளோரைடு மிகுதியாலும் அவ்வாறே கருகும். இலையை மட்டும் கண்டு சாம்பற்சத்துக் குறைவு என முடிவுசெய்து மியூரியேட்டை இட்டால், நோய்க்குக் காரணமான பொருளையே மருந்தாகக் கொடுத்ததாகும். ஆதலின், உரம் பரிந்துரைக்குமுன் நீரின் மின்கடத்து திறனை அளந்தறிக. பையின் மேன்மண்ணில் வெண்மையான உப்புப் படலம் உளதா என்றும், அடித்துளைகளில் நீர் வடிகிறதா என்றும் பார்க்க.

உரம் எப்பொழுது உதவும்?

உவர்ப்பு மிதமாக இருந்து, மண்ணிற் சத்தும் குறைவாக இருப்பின், அளவான தழைச்சத்து கன்றின் வளர்ச்சிக்கு உதவும். எலுமிச்சை இனத்தில் நைட்ரேட்டு, குளோரைடு உட்செல்வதைக் குறைக்கிறது. கால்சியம் வேரின் சவ்வுகளைக் காத்து, சோடியத்தை ஒதுக்கிப் பொட்டாசியத்தை ஏற்க உதவுகிறது. ஆயினும் உவர்ப்பு மிகுந்தவிடத்து வளர்ச்சியைத் தடுப்பது உப்பேயன்றிச் சத்துக் குறைவன்று. அந்நிலையில் உரத்தைக் கூட்டுவதாற் பயனில்லை; கேடே விளையும். உரத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, நீர் வடியும் நிலையில் இடுவதே முறை.

கழுவி வெளியேற்றுதல்

வேரடியில் உப்பு சேராதிருக்க, ஊற்றும் நீரில் ஒரு பகுதி வேருக்குக் கீழே வடிந்து செல்ல வேண்டும். அப்பகுதியைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. பயிர் தாங்கும் மண்ணுவர்ப்பை ஐந்தாற் பெருக்கி, அதினின்று பாசன நீரின் உவர்ப்பைக் கழிக்க. வரும் எண்ணாற் பாசன நீரின் உவர்ப்பை வகுக்க. ஆரஞ்சு மரம் விளைச்சல் குறையாது தாங்கும் அளவு 1.7 டெசிசீமன்ஸ், கன்றுக்கு இதனினும் மிகுதியாகக் கொள்ளலாகாது. நீர் 1 டெசிசீமன்ஸ் ஆயின் வடிய வேண்டியது 13 விழுக்காடு. 2 ஆயின் 31 விழுக்காடு. பேரீச்சையோ 4 டெசிசீமன்ஸ் வரை தாங்கும். மா உவர்ப்புக்கு எளிதில் இரையாகும். இலந்தை தாங்கும் இயல்புடையது.

களர் நிலத்திற்கு இம்முறை மட்டும் போதாது. அங்கு சோடியத்தை நீக்க ஜிப்சம் இட்டு, அதன்பின் நீரால் கழுவ வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. விதை முளைக்கும் காலத்திலும் முதல் இலைகள் தோன்றும் காலத்திலும் மழைநீரையோ வாய்க்கால் நன்னீரையோ பயன்படுத்துக. உவர்நீர் தவிர்க்க இயலாததாயின் பின்னரே தொடங்குக.

2. இருவகை நீரும் இருப்பின் கலந்தும் ஊற்றலாம். 0.5 டெசிசீமன்ஸ் நீரும் 3 டெசிசீமன்ஸ் நீரும் சம அளவிற் சேர்ந்தால் 1.75 ஆகும்.

3. உவர்நீரை இலைமேல் தெளிக்கலாகாது. இலை வழியாகவும் குளோரைடு உட்புகும்.

4. வேர்ச்செடியைத் தேர்ந்து ஒட்டுக. எலுமிச்சை இனத்திற் கிளியோபாட்ரா மாண்டரினும் ரங்கபூர் எலுமிச்சையும் குளோரைடை இலைக்குச் செல்லாது தடுக்கும் ஆற்றலுடையவை. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் திராட்சைக்கு டாக்ரிட்ஜ் வேர்ச்செடி பயன்படுகிறது.

பள்ளியிற் செய்யத்தக்க சோதனை

ஆசிரியர்கள் பப்பாளி நாற்றுகளைக் கொண்டு இதனை மாணவர்க்குக் காட்டலாம். முப்பது தொட்டிகளை ஆறு தொகுதிகளாகப் பிரிக்க. இரு தொகுதிகளுக்கு நன்னீர். இரண்டிற்கு லிட்டருக்கு 1 கிராம் சமையலுப்புக் கலந்த நீர். இரண்டிற்கு 2 கிராம் கலந்த நீர். 1 கிராம் கலந்தால் உவர்ப்பு ஏறத்தாழ 2 டெசிசீமன்ஸ் கூடும். ஒவ்வோர் இணையிலும் ஒரு தொகுதிக்கு மட்டும் சிறிதளவு யூரியா இடுக. ஆறு வாரங்கள் உயரத்தையும் இலை எண்ணிக்கையையும் வாரந்தோறும் குறிக்க. நன்னீரில் உரத்தாற் கூடிய வளர்ச்சியையும், உவர்நீரில் உரத்தாற் கூடிய வளர்ச்சியையும் ஒப்பிட்டால், உரத்தின் பயன் நீரின் தன்மையைப் பொறுத்தது என்பது மாணவர்க்கு விளங்கும்.