காயிதே மில்லத் நமக்குத் தரும் பாடம்



மௌத்துக்குப் பின்னும் நன்மை நிற்காத அமல்கள் மூன்று என்று ஹதீஸில் ஓதியிருக்கிறோம்: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை. இதற்கு நம் இனத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் 1896-ல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கத்திற்காக 1920-ல் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். பின்னர் நம்மைப் போலவே வியாபாரியானார், தோல் வியாபாரம்.

இந்திய அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அன்னார் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனக்கெனத் தனிச்சட்டம் உடைய எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தலாகாது என்பதே அது. முஸ்லிம்களுக்கு மட்டும் கேட்கவில்லை, எல்லோருக்கும் கேட்டார். திருத்தம் தோற்றது, அன்னாரின் மதிப்பு தோற்கவில்லை.

1972-ல் வஃபாத்தானார். சென்னையில் 1974-ல் தொடங்கிய அரசினர் மகளிர் கல்லூரி இன்று அன்னார் பெயரைத் தாங்கி நிற்கிறது. எல்லா மதத்துப் பெண்களும் அங்கே பயில்கின்றனர். எல்லோருக்கும் உரிமை கேட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான ஞாபகச் சின்னம் ஏது?

பாச்சாங்கில் கடை நடத்தும் நாம் இப்பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால், "பொம்பளைப் பிள்ளைக்கு எஸ்.பி.எம். போதும், கல்லாவில் உட்காரட்டும்" என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. பெருமையும் இப்பேச்சும் ஒரே பேரேட்டில் சேரா.

ஆகவே, வசதியுள்ள ஒவ்வொரு கடையும் மாதந்தோறும் ஸதக்காவில் ஒரு பங்கை ஒரு மாணவியின் கட்டணத்திற்கு ஒதுக்குவோமாக. நம் கடைப் பலகை ஒரு நாள் இறங்கும். இந்த வரவு நில்லாது. அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக, ஆமீன்.