மெனு காணாமல் போனால் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?



நம்ம டவுன்ஷிப்பில் வட்டம் எண் எழுதின பலகை ஒன்று காற்றில் விழுந்துட்டா, அந்த வட்டமே காணாமல் போயிடுமா? வீடுகள் அங்கேயே தான் இருக்கும். லினக்ஸில் மெனு காணாமல் போவதும் இப்படித்தான்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. (இந்த பாஸ் முதலாளி இல்லை! பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை வைத்து உருவாக்கியது.) எங்க சித்தி பிளஸ் டூ படிக்கும்போது வாங்கின லேப்டாப் இன்னும் ஓடுது.

போன மாதம் சித்தி பையன் எதையோ அமுக்க, மேலே இருந்த அப்ளிகேஷன்ஸ், பிளேசஸ், சிஸ்டம் மூன்றும் போயிடுச்சு. கடையில் காட்டினால், "ஃபார்மட் தான் பண்ணணும்" என்றார்கள். ஃபார்மட் பண்ணினால் உள்ளே உள்ளதெல்லாம் அழிந்துவிடும். பாட்டி உயிரோடு இருந்தப்போ எடுத்த வீடியோ அதில் மட்டும் தான் இருக்கு. சித்தி லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க.

அதில் இருப்பது க்னோம் 2 என்ற பழைய திரை. திரையின் ஓரத்தில் உள்ள பட்டைக்குப் பேனல் என்று பெயர். மெனு என்பது அதில் ஒட்டிய ஒரு பொருள், அவ்வளவுதான். பேனலில் காலியான இடத்தில் வலது பட்டனை அமுக்கி, 'ஆட் டு பேனல்' போய், 'மெனு பார்' என்பதைச் சேர்த்தோம். மூன்றும் வந்துடுச்சு! இரண்டு நிமிஷம் கூட ஆகலை.

பேனலே மொத்தமா குழம்பிப் போயிருந்தால் வேறு வழி. நம் விருப்பங்களை லினக்ஸ் நம்ம ஹோம் ஃபோல்டரில் எழுதி வைக்கும். அந்த ஃபோல்டர்களின் பெயர் புள்ளியில் ஆரம்பிக்கும், சாதாரணமா கண்ணுக்குத் தெரியாது. ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல், ஹெச் சேர்த்து அமுக்கினால் தெரியும். அதில் 'புள்ளி ஜிகான்ஃப்', அதற்குள் 'ஆப்ஸ்', அதற்குள் 'பேனல்' இருக்கும். அந்தப் பேனல் ஃபோல்டரை அழிக்காதீங்க, வெட்டி டெஸ்க்டாப்பில் ஒட்டி வைங்க. கம்ப்யூட்டரை மறுபடி போட்டால், எழுதி வைத்தது இல்லாததால் முதலில் இருந்த மாதிரியே புதுப் பேனல் வரும். படம், பாட்டு, வீடியோ எதையும் தொடாது. பக்கத்து ஃபோல்டர்களில் மட்டும் கை வைக்காதீங்க!

2011ல் க்னோம் 3 வந்தபோது இந்த மெனுவை எடுத்துட்டாங்க. பழசே வேணும் என்றவர்களுக்காக அர்ஜென்டினாக்காரர் ஒருவர் 'மாத்தே' என்ற திரையைத் தொடங்கினார். அது அந்த ஊர்ப்பக்கம் குடிக்கிற ஒரு டீயின் பெயராம்! அதில் மெனு போனால் இன்னும் சுலபம். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் மேட், ஒரு கோடு, பேனல், ஒரு இடைவெளி, இரண்டு கோடு, ரீசெட் என்று அடித்து என்டர் தட்டணும்.

— 9ஆம் வகுப்பு மாணவி